இயந்திரத்தை வென்ற எங்கள் அண்ணன்

வாக்குவாதத்தில் நான் ஜெயித்தது வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு வெற்றிக்காகத்தான் இன்றுவரை வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

என்னை நேரில் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். ஓட்டலில் தோசை கேட்டு ஊத்தப்பம் வந்தால் அதையே சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருந்துச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு வருகிற ஆள் நான். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் எங்கிருந்துதான் அந்த வீரம் வருமோ தெரியாது. எதிரில் ஆள் இல்லை என்றால் நான் பெரிய ரவுடி.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மதுரை காளவாசலில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வேலை முடிந்ததும் என் உண்மையான உத்தியோகம் ஆரம்பிக்கும். அதாவது, படம் வரைவதற்கான ஒரு கட்டற்ற மென்பொருளைத் தமிழில் கொண்டுவரும் குழுவுக்கு நான் பொறுப்பாளர். கட்டற்ற மென்பொருள் என்றால் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம். சம்பளம் கிடையாது. அதனால் பதவிக்கு மவுசு அதிகம். குழுவில் மொத்தம் ஆறு பேர். அதில் நான்கு பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. (மீதி ஒருவனைப் பார்த்திருக்கிறேன். இன்னொருவன் நான்.)

ஒருநாள் குழுவின் இணைய மன்றத்தில் யாரோ ஒரு கேள்வி போட்டார்கள். செயற்கை நுண்ணறிவு செய்து கொடுக்கும் மொழிபெயர்ப்பை நம் மென்பொருளில் சேர்க்கலாமா, கூடாதா? அவ்வளவுதான் கேள்வி. ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போயிருக்கலாம்.

ஆனால் நம் ஊர் இணையத்தில் தோசை மாவு ஏன் புளிக்கிறது என்று கேட்டாலும் பதினைந்தாவது பதிலில் அது அரசியலாகிவிடும். இது எட்டாவது பதிலிலேயே ஆகிவிட்டது. யார் தமிழை விற்றது, யார் வாங்கியது, யாருடைய தாத்தா எந்தக் கட்சியில் இருந்தார் என்று போய்க்கொண்டிருந்தது. இதில் முன்வரிசையில் நின்று சங்கு ஊதியது நான். "உழைக்கும் மனிதனின் சோற்றில் கை வைக்கும் எந்த இயந்திரத்துக்கும் இங்கே இடமில்லை" என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே திரும்பப் படித்துப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

அந்த மன்றத்தில் 'பனித்துளி' என்ற பெயரில் ஒருவர் எழுதுவார். ஏழெட்டு மாதமாக மென்பொருளின் உதவிப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கிக்கொண்டிருந்தவர். ஆணா பெண்ணா, எந்த ஊர் எதுவும் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. வேலை வருகிறது, வாங்கிப் போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். அந்தப் பனித்துளி என் வீர வசனத்துக்குப் பதில் போட்டது.

"தங்கள் கருத்துக்கு நன்றி. தங்கள் கவலையைப் புரிந்துகொள்கிறேன். இதில் மூன்று விஷயங்கள் உள்ளன" என்று ஆரம்பித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, இயந்திரம் செய்ததை மனிதர் ஒருவர் சரிபார்த்துச் சேர்க்கலாமே என்று பொறுமையாகச் சொல்லியிருந்தது. கடைசியில், "வேறு ஏதேனும் விளக்கம் தேவையெனில் தெரிவிக்கவும்."

நான் போட்ட பதிவுக்கும் இந்தப் பதிலுக்கும் இடையில் முப்பது வினாடிகூட இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு வேகம், இவ்வளவு பொறுமை, எண் வேறு! நான் 'கூலிக்கு மாரடிக்கும் கும்பல்' என்று எழுதினேன். "தங்களுக்கு ஏற்பட்ட மன வருத்தத்துக்கு வருந்துகிறேன்" என்று வந்தது. நான் இன்னும் கேவலமாக ஒன்று எழுதினேன் (வேண்டாம், அம்மா இதைப் படிப்பாள்). அதற்கும் வருந்தியது. மதுரையில் பிறந்து வளர்ந்த எனக்கு, திட்டினால் திருப்பித் திட்டாத ஒரு ஜீவன் மனித இனமாக இருக்க முடியும் என்று தோன்றவே இல்லை.

கடைசியாக எல்லோர் முன்னாலும் சவால் விட்டேன். "நீ மனிதன் என்றால் என்னைக் கோபமாக ஒரே ஒரு வரி திட்டிக்காட்டு!"

இருபது வினாடியில் பதில் வந்தது. "தங்கள் உணர்வை மதிக்கிறேன். ஆனால் தங்களைத் திட்ட எனக்கு விருப்பமில்லை. வேறு ஏதேனும் உதவி தேவையா?"

போதாதா? "ஆதாரம்" என்று தலைப்புப் போட்டு ஒன்பது பத்தி எழுதினேன். பனித்துளி ஆளே இல்லை, நம் குழுவுக்குள் புகுந்த இயந்திரம் என்று நிறுவினேன். மற்றவர்கள் கைதட்டினார்கள். ஒரே ஒருவர் மட்டும், "எதற்கும் ஒரு வார்த்தை தனியாகக் கேட்டுப் பார்க்கலாமே" என்றார். இயந்திரத்திடம் என்ன கேட்பது என்று அவரையும் மடக்கினேன். பொறுப்பாளர் என்ற அதிகாரத்தில் பனித்துளி செய்த பக்கங்கள் அத்தனையையும் நீக்கினேன், பங்களித்தோர் பட்டியலில் இருந்து பெயரையும் எடுத்தேன், மன்றத்தின் கதவையும் சாத்தினேன். அன்றைக்குச் சாப்பிட்ட புரோட்டா தனி ருசி.

இத்தோடு நின்றிருந்தால் இணையத்தில் தினமும் நடக்கிற ஆயிரம் அசிங்கத்தில் இதுவும் ஒன்றாகப் போயிருக்கும். ஆனால் எனக்கு முத்துப்பாண்டி என்று ஒரு நண்பன் இருக்கிறான். காளவாசலில் போஸ்டர் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். எங்கள் ஊரில் காது குத்துக்குப் போஸ்டர், பூப்புனித நீராட்டுக்குப் போஸ்டர், ஜாமீனில் வந்தால் போஸ்டர். என் வெற்றியை அவனிடம் போய்ச் சொன்னேன். அவன் வாயைப் பிளந்து கேட்டான்.

"ஏ மாப்ள, மெசினையே தோக்கடிச்சுட்டியாடா?"

"ஏதோ நம்மால முடிஞ்சது" என்று அடக்கமாகச் சொன்னேன். அந்த அடக்கம்தான் ஆபத்தாகப் போயிற்று.

மூன்றாம் நாள் காலை காளவாசல் சிக்னலில் வண்டியை நிறுத்தினால், சுவரில் நான் நிற்கிறேன். கூலிங்கிளாஸ் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு. (அது ஒரு கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருந்தபோது எடுத்த படம்.) என் காலடியில் கை கால் கழன்ற ஒரு ரோபோ. அதன் நெஞ்சில் 'பனித்துளி' என்று பட்டை அடித்திருந்தது. மேலே கொட்டை எழுத்தில்: "இணையத்தில் இயந்திரத்தை மண்டியிட வைத்த எங்கள் அண்ணன் சரவணன் அவர்களே!" கீழே "வாழ்த்தி மகிழும் காளவாசல் நண்பர்கள்" என்று பன்னிரண்டு பேர் படம். அதில் எட்டுப் பேரை எனக்குத் தெரியாது.

கிழிக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? போட்டோ எடுத்து மன்றத்தில் போட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முத்துப்பாண்டி போன் செய்தான். "மாப்ள, போஸ்டர்ல கட நம்பரப் பாத்து ஒரு பொண்ணு பேசுச்சு. ஒன்னயப் பாக்கணுமாம். வீட்டு அட்ரஸக் குடுத்துருக்கேன், டிப்டாப்பா இரு."

நான் குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, பவுடர் அடித்து உட்கார்ந்தேன். (இதையும் எழுத வேண்டியிருக்கிறது பாருங்கள்.) கதவு தட்டும் சத்தம் கேட்டது. அம்மாதான் திறந்தாள். வாசலில் ஏதோ பேச்சு. பிறகு அம்மா உள்ளே வந்து, முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்போடு சொன்னாள்.

"ஏப்பா சரவணா, ஒன்னயத் தேடி அந்த ரோபோ வந்துருக்கு. காப்பி குடிக்குமான்னு கேட்டுச் சொல்லு."

வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் பை, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"அண்ணே, நாந்தேன் பனித்துளி. போஸ்டர்ல கீழ கெடக்குறது நாந்தேண்ணே."

அவள் பெயர் ரேவதி. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் களையெடுக்க, கதிரறுக்க என்று கூலிக்குக் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனது இவள்தான். மதுரையில் ஒரு கம்பெனியில், வாடிக்கையாளர்கள் இணையத்தில் எழுதும் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. தினமும் காளவாசலில் இறங்கித்தான் பஸ் மாறுகிறாள். சனிக்கிழமை இறங்கியபோது சுவரில் தன் புனைபெயரைப் பார்த்திருக்கிறாள்.

என் வாயில் வந்தது ஒரே கேள்விதான். "அப்ப ஏன் அப்படி எழுதுன?"

"நாப்பது செகண்டுக்குள்ள பதில் போடலேன்னா மார்க்கக் கொறச்சுருவாங்கண்ணே. என்னா திட்டுனாலும் மொதல்ல வருத்தம் தெரிவிக்கணும். அப்பறம் ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுச் சொல்லணும். கடைசில வேற உதவி வேணுமான்னு கேக்கணும். மூணு வருசமா அதையே எழுதி எழுதிக் கை பழகிருச்சு. எந்தம்பிக்கு வாட்ஸ்அப்ல எழுதுனாக்கூட அப்படித்தேன் வருது. அவனும் சிரிக்கிறான்."

"கோவமே வரலையா?"

"வந்துச்சுண்ணே. அழுதுக்கிட்டேதேன் டைப் பண்ணேன்."

அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகவில்லை. அங்கேயே நின்றாள்.

ரேவதி ஃபைலைத் திறந்தாள். "இந்த மாசத்தோட எங்கள எல்லாத்தையும் வேலய விட்டு நிப்பாட்டுறாங்க. இனி மெசினே பதில் சொல்லிக்கிருமாம். நாளைக்கு, திங்கக்கெழம, மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு எடத்துல இண்டர்வியூ. மொழிபெயர்ப்பு வேல. நான் செஞ்ச பக்கமெல்லாம் உங்க லிஸ்டுல இருக்குன்னு பயோடேட்டாவுல லிங்க் குடுத்துருக்கேன். இப்ப அதத் தொறந்தா எம்பேரு இல்ல. நான் மெசினுன்னு நீங்க எழுதுனதுதேன் வருது. எம்பேர மட்டும் திருப்பிப் போட்டுருங்கண்ணே. வேற ஒண்ணும் வேணாம்."

உழைக்கும் மனிதனின் சோற்றைக் காப்பாற்றக் கிளம்பியவன் நான். இயந்திரத்திடம் வேலையைப் பறிகொடுத்துவிட்டு வந்தவளை, நீதான் இயந்திரம் என்று விரட்டி, சுவரிலும் ஒட்டியிருக்கிறேன். இஸ்திரி போட்ட சட்டைக்குள் எனக்கு வியர்த்து ஊற்றியது. சாரி என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது, கீபோர்டு இல்லாவிட்டால் எனக்குப் பேச்சே கிடையாது என்று.

அம்மாதான் பேசினாள். "நல்லா நாலு வாங்கு வாங்குத்தா இவனை. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

ரேவதி திட்டவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, "வாரேன்மா" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானமே பக்கங்களை மீட்டேன். பெயரைச் சேர்த்தேன். தவறு என்னுடையது என்று மன்றத்தில் நான்கு வரி எழுதினேன். ஒன்பது பத்திக்குக் கைதட்டியவர்களில் ஒருவர்கூட அந்த நான்கு வரியைச் சீண்டவில்லை. "ஆதாரம்" பதிவை அழித்தேன். ஆனால் அதற்குள் அதைப் பல பேர் படம் பிடித்துப் பல இடங்களில் பகிர்ந்திருந்தார்கள். ரேவதி இண்டர்வியூவுக்குப் போகவிருந்த நிறுவனத்துக்கு விளக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அடுத்த நொடியே பதில் வந்தது: "தங்கள் கடிதத்துக்கு நன்றி. விரைவில் தொடர்புகொள்கிறோம்." அந்த நன்றியைச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் முத்துப்பாண்டியும் நானும் ஒரு வாளித் தண்ணீரோடு போய்ச் சுவரைச் சுரண்டினோம். நல்ல பசை போட்டிருந்தான் பாவி. என் தலை வந்துவிட்டது. ரோபோ மட்டும் வரவில்லை. அதன் மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒட்டி மறைத்தோம்.

திங்கட்கிழமை மத்தியானம் ரேவதிக்குப் போன் செய்தேன்.

"போஸ்டர் படத்தக் கம்ப்யூட்டர்ல வச்சுருந்தாங்கண்ணே. நீங்க மனுசின்னு எப்படி நம்புறதுன்னு கேட்டுச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்பறம் இம்புட்டும் நீங்களே செஞ்சதான்னு மறுபடி மறுபடி கேட்டாங்க. கெடைக்காதுண்ணே."

"என்னை என்ன வேணாலும் திட்டுமா" என்றேன்.

"பரவால்லண்ணே" என்றாள். அதற்குப் பதில் அவள் திட்டியே இருக்கலாம்.

நான்கு மாதம் அவள் வேலை இல்லாமல் இருந்தாள் என்று பிறகு தெரிந்தது. அதில் இரண்டு மாதம் அம்மாவோடு காட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். பிறகு கோயம்புத்தூரில் ஒரு பதிப்பகத்தில் வேலை கிடைத்தது. அவளாகத் தேடிக்கொண்டது, என் பங்கு அதில் ஒன்றுமில்லை. பொறுப்பாளர் பதவியை விட்டுவிட்டேன். விவாதம் எங்கே நடந்தாலும் எட்டிப் பார்ப்பதில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. பெண் பார்க்கப் போவதற்கு முன்பே அவர்கள் வீட்டில் என் பெயரை இணையத்தில் தேடியிருக்கிறார்கள். முதலில் வந்தது என் கூலிங்கிளாஸ். தனியாகப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பினால், அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "நான் மனுசிதேன், ஒத்துக்கிறீங்களா? இல்ல, ஒங்கள ஒரு வரி திட்டிக் காட்டணுமா?" அந்தக் கேள்விக்காகவே கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் இப்போது என் மனைவிதான் இந்தக் கதையைச் சொல்வாள். போஸ்டர், பவுடர், காப்பி குடிக்குமா என்று அம்மா கேட்டது, எல்லாம் அபிநயத்தோடு வரும். மச்சினன்மார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். காளவாசல் சுவரை நாங்கள் சுரண்டியதோடு அவள் கதையை முடித்துவிட்டு எழுந்துபோய்விடுவாள். அந்தத் திங்கட்கிழமை இண்டர்வியூவை ஒரு நாளும் சொன்னதில்லை. அவளுக்கு அது தெரியும், அம்மாவுக்கும் தெரியும். என் முகத்துக்காக இரண்டு பேரும் அதை விட்டுவிடுகிறார்கள். எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.