பொட்டுக்குப் பச்சைக் கறி

இந்த வீட்டில் ஒரு ஜீவனாவது தன் பேச்சைக் கேட்டாக வேண்டும் என்று லிஃப்ட் மெக்கானிக் முடிவெடுத்தார். முடிவெடுத்த இடம் குளியலறை. உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு யோசிக்க அவருக்கு வாய்த்த ஒரே அறை அதுதான்.

ஊரையே ஏற்றி இறக்குகிற மனிதர். வீட்டில் மட்டும் அவர் சொல் தரைத்தளத்தைத் தாண்டியதில்லை. மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ரிசல்ட்டைச் சொல்லிவிடுவாள். மிச்சமிருந்தது நாய்க்குட்டி. நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்ததால் அதற்குப் பொட்டு என்று பெயர். அதுவும் அவள் கட்சி. பாக்கெட்டிலிருந்து காய்ந்த தீனி உருண்டைகளைக் கிண்ணத்தில் கொட்டுகிற கை அவளுடையது.

ஆளில்லாத நேரத்தில் மெக்கானிக் ஓர் உருண்டையைக் கடித்துப் பார்த்தார். அட்டைப் பெட்டிக்கு உப்புப் போட்ட மாதிரி இருந்தது. இதற்கே வாலை இந்த ஆட்டு ஆட்டுகிறதென்றால், கறி கொடுக்கிறவன் காலடியே கதியென்று கிடக்காதா?

சாயங்காலம் மெல்லப் பேச்சை எடுத்தார்.

"ஏம்மா, பொட்டுக்கு எப்பவாவது கொஞ்சம் பச்சைக் கறி குடுத்தா என்ன?"

"அதுல என்னென்ன கிருமி இருக்கும்னு தெரியுமா? தினமும் மைக்ரோஸ்கோப்புல அதுங்க மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"நாய் ஓநாயோட வம்சம்மா."

"நாமகூடத்தான் குரங்கு வம்சம்ங்கறாங்க. நீங்க மரத்துல ஏறியா சாப்பிடறீங்க?"

மெக்கானிக் தண்ணீர் குடித்தார்.

"கறின்னா சும்மா இல்லைங்க. கிண்ணத்தைத் தேய்க்கணும், தரையைத் துடைக்கணும், குட்டியை வெளியே கூட்டிட்டுப் போகணும். அதெல்லாம் உங்களால முடியாது."

முடியாது. அந்த ஒரு சொல் நெஞ்சில் ஆணியாக இறங்கியது.

வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்காக அவள் விடிந்ததும் கிளம்பிவிடுவாள். அவள் அங்கிருந்து போன் செய்து எழுப்பும்வரை தூங்குவது மெக்கானிக்கின் வழக்கம். அடுத்த வாரம் ஒரு நாள், அவள் படியிறங்கிய சத்தம் ஓய்ந்ததும் எழுந்தார். நேரே கறிக்கடை.

"நாய்க்குட்டிக்குப்பா. கொஞ்சமாக் குடு."

கடைக்காரர் ஐஸ் பெட்டிக்குள் கையைவிட்டு, கல்லு மாதிரி ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"ஏன்ப்பா, புதுசா வெட்டித் தரக் கூடாதா?"

"இதான் சார் நல்லது. ஐஸ்ல கிடந்தது. பூச்சி பொட்டு இருக்காது."

"பொட்டு இருக்கு. அதுக்குத்தான் வாங்கறேன்."

கடைக்காரர் சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். தன் நகைச்சுவைக்குத்தான் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

ஐஸ் இளகிய துண்டைப் பொட்டு முகர்ந்தது, நக்கியது, கவ்விக்கொண்டு ஓடியது. சமையலறையில் வைத்துப் பார்த்தது. கூடத்தில் வைத்துப் பார்த்தது. கடைசியில் கட்டிலுக்கு அடியில் போய் நிம்மதியாகத் தின்றது. போன வழியெல்லாம் சிவப்புச் சொட்டு.

மெக்கானிக்குச் சட்டென்று மனைவி நினைவுக்கு வந்தாள். ரத்தத்தைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவள். ஒரு துளி போதும், எந்த மிருகம் என்று கண்டுபிடித்துவிடுவாள். வெந்நீர் வைத்தார். சோப்புத் தூளைக் கொட்டி வீடு முழுக்கத் துடைத்தார். கிண்ணத்தைத் தேய்த்தார். குட்டியின் வாயைத் துடைத்தார். வயிற்றுக்குள் போனது வீட்டுக்குள்ளேயே வெளிவந்து காட்டிக்கொடுக்கக் கூடாதென்று தெருவில் கூட்டிக்கொண்டு நடந்தார்.

சாயங்காலம் அவள் வாசலிலேயே நின்றாள்.

"என்னங்க, தரை பளபளங்குது?"

"வெயில் பட்டா அப்படித்தான் தெரியும்."

"கட்டிலுக்கு அடியிலயும் வெயிலா?"

"கண்ணாடி விழுந்துடுச்சு. தேடக் குனிஞ்சேன். அப்படியே துடைச்சேன்."

பச்சைக் கறிக்காக ஒரு பச்சைப் பொய். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அப்போதே மெக்கானிக் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஜெயித்துவிட்ட மிதப்பில் அவருக்கு அது தோன்றவில்லை.

எப்பவாவது என்பது தினமும் என்றாயிற்று. பொட்டு இப்போது அவர் செருப்புச் சத்தத்துக்கே ஓடிவந்தது. 'வா' என்றால் வந்தது. 'போ' என்றாலும் வந்தது. துடைத்துத் துடைத்து இடுப்பு கழன்றாலும், மடியில் அது தலை சாய்க்கும்போது மனிதர் உருகிப்போனார்.

பிறகு ஒரு நாள் பொட்டு தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளும் கிண்ணம் அப்படியே கிடந்தது. மனைவி குட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். கைப்பையைத் திறந்து ஊசியை எடுத்தாள்.

"உடம்புக்கு என்னமோ பண்ணுது. கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பாத்துடறேன்."

ஒன்றும் புரியாமல் பொட்டு அவரைப் பார்த்து வாலாட்டியது. அதை அவரால் தாங்க முடியவில்லை.

"குத்தாதே! அதுக்கு ஒண்ணுமில்லை. நான்தான் கறி குடுத்துக் கெடுத்துட்டேன்."

"தெரியும்" என்று அவள் ஊசியை உள்ளே வைத்தாள்.

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"நீங்க வாங்கறதுக்கு முன்னாடியே. கறிக்கடைக்காரர் சர்க்கரை பாக்க எங்ககிட்டதான் வருவாரு. எங்க வீட்டுக்காரர் வந்து கேட்டா கொழுப்பில்லாததா ஐஸ்ல வெச்சுக் குடுங்கன்னு சொல்லி வெச்சேன்."

"அப்புறம் ஏன் முடியாதுன்னு சொன்னே?"

"முடியும்னு சொல்லியிருந்தா எந்திரிச்சிருப்பீங்களா?"

அவள் குட்டியைக் கீழே இறக்கி, கிண்ணத்தை அதன் முன்னால் தள்ளி, "சாப்பிடு" என்றாள். பொட்டு அவரை ஒரு தடவை பார்த்தது. அவளை ஒரு தடவை பார்த்தது. சாப்பிட்டது.

மிச்சமிருந்த மானத்தைத் திரட்டிக்கொண்டு மெக்கானிக் எழுந்தார்.

"சரி. இன்னையோட கறியும் இல்லை, துடைக்கிறதும் இல்லை."

"கறியை ஏங்க நிறுத்தறீங்க?" என்றாள் அவள் சாவகாசமாக. "எப்பவாவது ஒரு தடவை குடுக்கலாம்னு நாய் டாக்டரே சொல்லியிருக்காரு. தரையைத்தான் எப்பவாவது துடைச்சாப் போதும்னு அவர் சொல்லலை."