தர்மசங்கடம் தேவை

"ஒருத்தரோட சம்மதம் இல்லாம, அவங்க தும்மினதைக்கூட நான் வெளியில சொல்லமாட்டேன்" என்று மருத்துவமனை கேன்டீனில், பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி ஒருவர் பிரகடனம் செய்தால், பெருமக்களே, பயப்படாதீர்கள். அவர் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறார். அதிலும் உயிர் அறவியல் மேற்படிப்பு. மருத்துவத்தில் எது தர்மம், எது அதர்மம் என்று பிரித்துப் பார்க்கச் சொல்லித்தரும் படிப்பு. விண்ணப்பிக்கும்போதே பாதி தர்மம் உடம்பில் ஊறிவிடும் என்பது இந்த இனத்தாரின் நம்பிக்கை.

நம்மவர் பிசியோதெரபிஸ்ட். மடங்காத முழங்காலை மடக்குவதும் தூக்க முடியாத தோளைத் தூக்கவைப்பதும் தொழில். சக ஊழியர்கள் வைத்த பெயர் மனசாட்சி. விண்ணப்பம் மனதில் புகுந்த நாளிலிருந்து முழங்காலைத் தொடுமுன், "உங்க உடம்பு, உங்க உரிமை. தொடலாமா?" என்று கேட்கிறார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர், "தொடுறதுக்குத்தானே சார் வந்திருக்கேன்" என்கிறார். லிஃப்டில் யார் முதலில் இறங்குவது நியாயம் என்று யோசித்து, தானும் இறங்காமல் பிறரையும் இறங்கவிடாமல் மேலும் கீழும் போய்வருகிறார். இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். ஆபத்து எங்கே தொடங்குகிறது தெரியுமா? விண்ணப்பக் கட்டுரையில்.

'நீங்கள் நேரில் சந்தித்த தர்மசங்கடம் ஒன்றை விவரிக்கவும்' என்கிறது பல்கலைக்கழகம். மனசாட்சியின் வாழ்வில் சங்கடங்கள் உண்டு. தர்மம் கலந்தது ஒன்றுகூட இல்லை. வார்டு வார்டாகத் தேடி அலைந்தார். நோயாளிகளோ நன்றிகெட்டவர்கள், குணமாகி வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். நினைவில்லாமல் கிடந்த பெரியவர் ஒருவர்மேல் நிறைய நம்பிக்கை வைத்திருந்தார். சுவாச இயந்திரத்தை நிறுத்துவதா வேண்டாமா என்று மகன்கள் அடித்துக்கொள்வார்கள், நமக்கு இரண்டு பக்கம் தேறும் என்று கணக்கு. பெரியவர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். மனசாட்சி மனமொடிந்துபோனார்.

ஊர் கைவிட்டாலும் உடன்பிறப்பு கைவிடுமா? வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக்கொடுக்கும் ஒரே அக்கா, ஒருநாள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: மார்பில் கட்டி, பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை.

"பொண்ணு பரீட்சை முடியற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதுடா. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

தம்பி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கினார். கலக்கம் உண்மையானதுதான். ஆனால் கண்ணில் நீர் திரளும்போதே மண்டைக்குள் முதல் பத்தி திரளத் தொடங்கிவிட்டது. தாய் மறைக்கலாமா? மகளுக்கு அறியும் உரிமை இல்லையா? அடடா.

அறவழி தவறினார் என்று சொல்லிவிடாதீர்கள். அக்காவின் பெயரை எடுத்துவிட்டு 'நோயாளி ஒருவர்' என்று போட்டார். வயதைக் கொஞ்சம் குறைத்தார். இடப்பக்கக் கட்டியை வலப்பக்கம் மாற்றினார். தையல் இயந்திரத்தையும் சீருடைகளையும் மகளின் பரீட்சையையும் மட்டும் தொடவில்லை. தேர்வுக்குழுவுக்கு உயிருள்ள விவரங்கள் பிடிக்குமாமே. எழுத எழுத அக்கா கரைந்து, நோயாளி மட்டுமே மிஞ்சினார். எந்த அளவுக்குக் கரைந்தார் என்றால், ஆங்கிலப் பிழை திருத்த ஆள் தேடியபோது, குடும்பத்தில் ஆங்கிலத்தில் கெட்டிக்காரி யார் என்று யோசித்து, அக்கா மகளுக்கே அனுப்பிவைத்தார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யலாமா என்று ஓர் அறச்சிக்கல் எழாமல் இல்லை. அரை மணி நேர வேலைதானே என்று அதையும் தீர்த்துவைத்தார்.

மறுநாள் அவள் போனில் அழைத்தாள். பிழைகளைத் திருத்திவிட்டதாகச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் அவளும் பேச்சை நிறுத்தினாள். மறுபடி ஓடத் தொடங்கியபின், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மாமா, இதை எழுதறதுக்கு அம்மாகிட்ட கேட்டீங்களா?"

இத்தனை நாள் வார்டு வார்டாகத் தேடியது, கடைசியில் தானாகவே வந்து எதிரே நின்றது. மனசாட்சி சொன்னார்:

"கேக்கணும்மா. கண்டிப்பா கேக்கறேன்." காலண்டரைப் பார்த்தார். "கடைசித் தேதி நாளைக்கு... முடிவுரை எப்படி இருக்கு?"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்த அக்காவின் ரகசியம் இப்போது உங்களுக்கும் தெரியும். இன்றைக்கே வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நமநமக்கிறதா இல்லையா? சொல்லுங்கள், தப்பே இல்லை. பெயர்தான் தெரியாதே.