ஒன்பது பிள்ளைகள், ஒரு கோடு

வாக்கெடுப்புக்கு இன்னும் ஐம்பத்தொரு மணி நேரம் இருந்தது. வெண்டல் ப்ரூட்டின் கையில் பதினோராவது வரைபடம் இருந்தது. கழுத்து இடப்பக்கம் மட்டுமே திரும்பியது.

"கழுத்துக்கு என்ன?" என்று டெல்ஃபீன் கேட்டாள். பள்ளி வாரியத்துக்கு இரண்டு மாதம் முன்பு மாற்றலாகி வந்த குமாஸ்தா. கூட்டங்களில் பேசுபவர்களுக்கு இரண்டு நிமிடம் எண்ணி மணி அடிப்பது அவள் வேலை.

"நாற்காலி சரியில்ல."

"நாற்காலியா, வரைபடமா?"

கணக்கு எளிமையானது. ஆஷ்குரோவ் பள்ளி அறுநூறு பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்டது. படித்தவர்கள் அறுநூற்று எண்பத்து மூன்று. கூடுதல் பிள்ளைகள் சக்கரம் வைத்த தகர அறைகளில் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுக் கூடம் போதாததால் முதல் வகுப்புக்கு மதிய உணவு காலை பத்து மணிக்கே. எண்பத்து மூன்று பேரை டேனர் ரோடு பள்ளிக்கு மாற்ற வேண்டும். அது பழைய கட்டடம், விளையாட்டு மைதானத்தில் புல் கிடையாது. வியாழக்கிழமை முடிவாகாவிட்டால் இன்னும் ஒரு வருடம் தகர அறைதான்.

எந்தத் தெரு எந்தப் பள்ளி என்று கோடு போடுவது வெண்டலின் பொறுப்பு. கோடு எங்கே போனாலும் அங்கே ஒரு அம்மா நின்றாள்.

செவ்வாய் மாலைக் கூட்டத்தில் முதலில் எழுந்தவள் ரோவீனா ஃபிஷ்பர்ன். லார்க்ஸ்பர் கோர்ட் தெருவிலிருந்து வரும் ஒரே ஆள். நான்கு கூட்டத்துக்கும் வந்திருக்கிறாள். அவளைக் கண்டாலே வெண்டல் காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிடுவான்.

"என் பொண்ணு எஸ்மி மூணாம் வகுப்பு. அவளை ஏன் டேனர் ரோடுக்கு அனுப்பறீங்கன்னு நாலு தடவை கேட்டுட்டேன். அதை விடுங்க. ஆர்ச்சர்ட் தெருப் பசங்க ஓடைப் பாலத்துல நடந்து போகணும்னு போட்டிருக்கீங்களே, அந்தப் பாலத்துல நடைபாதை இருக்கா, மிஸ்டர் ப்ரூட்?"

"வரைபடத்துல பாலம்னு..."

"வரைபடத்துல எல்லாம் இருக்கும். நீங்க மழை பெய்யுதான்னு கூட ஜன்னலைத் திறந்து பார்க்க மாட்டீங்க, கம்ப்யூட்டர்லதான் பார்ப்பீங்க."

கூட்டம் சிரித்தது. மணி அடித்தது. அவள் சரியாக இரண்டாவது நிமிடத்தில் உட்கார்ந்தாள்.

புதன் காலை வெண்டல் பாலத்தில் நடந்து பார்த்தான். ஒரு லாரி போன வேகத்தில் அவன் தொப்பி ஓடையில் விழுந்தது. ரோவீனா சொன்னது சரி.

ஆர்ச்சர்ட் தெருவின் இருபத்திரண்டு பேரை ஆஷ்குரோவிலேயே விட்டான். ஈடுகட்ட, எல்லைக் கோட்டை ரயில் பாதைப் பக்கம் தள்ளி மேப்பிள் மேட்டைச் சேர்த்தான். மதியத்துக்குள் மேப்பிள் மேட்டில் பச்சைச் சட்டைகள் அச்சாகிவிட்டன. 'எங்கள் மேடு, எங்கள் பள்ளி.' தலைமை தாங்கியவர் டர்க் மெஹாஃபி. வீடு விற்றுக் கொடுப்பது அவர் தொழில்.

"எங்க ஏரியாவுல வீட்டோட விலையே இந்த ஸ்கூல்தாங்க!" என்று போனில் கத்தினார்.

மேட்டில் பாதியையாவது விடலாம் என்று வெண்டல் கோட்டை அங்குள்ள பாப்லர் தெருவின் நடுவே இறக்கினான். வலப்பக்க வீடுகள் ஆஷ்குரோவ், இடப்பக்கம் டேனர் ரோடு. அந்தத் தெருவில் விவாகரத்தான தம்பதி எதிரெதிர் வீட்டில் இருந்தார்கள். அவர்களுடைய இரட்டைக் குழந்தைகள் வாரத்தில் மூன்று நாள் ஒரு பள்ளிக்கும் இரண்டு நாள் இன்னொன்றுக்கும் போக வேண்டும் என்று கணினி சொன்னது.

புதன் மாலைக் கூட்டத்தில் ரோவீனா கேட்டாள். "பரீட்சை எந்த ஸ்கூல்ல, மிஸ்டர் ப்ரூட்? அம்மா வீட்டுலயா, அப்பா வீட்டுலயா?"

வியாழன் காலை பாப்லர் தெரு முழுவதையும் ஆஷ்குரோவுக்கே விட்டுக்கொடுத்தான். தண்ணீர்த் தொட்டி அருகே இருந்த அடுக்குமாடிகளைச் சேர்த்தான். பத்து மணிக்கு அங்கிருந்து ஆரஞ்சுச் சட்டைகள் கிளம்பின.

பதினான்காவது வரைபடம். எண்ணிப் பார்த்தான். எண்பத்து மூன்று. அதில் ஒன்பது பேர் லார்க்ஸ்பர் கோர்ட். பதினான்கு வரைபடத்திலும் அந்தத் தெரு மட்டும் இடம் மாறவே இல்லை.

டெல்ஃபீன் காசு போடும் இயந்திரத்தில் வாங்கிய பிஸ்கட்டை அவன் முன் வைத்தாள். மூன்று வாரமாக அவன் மதியச் சாப்பாடு அதுதான்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமாப்பா? அந்த ஒன்பது பேரை விட்டுடு. அந்த அம்மா வாயை மூடிடும். அதுக்கு மணி அடிக்கவே எனக்குப் பயமா இருக்கு."

"டேனர் ரோடுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற தெரு அதுதான்."

"ஒன்பது பேருதானே?"

"ஒன்பது பேர்னா அரைத் தகர அறை. அதுக்குள்ள வேற யாரோ பிள்ளைங்க உட்காரணும்." வெண்டல் பிஸ்கட்டைப் பிரித்தான். "அந்தத் தெருவை மட்டும் என்னால எடுக்க முடியாது."

மாலை ஏழு மணி. அரங்கில் ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் ஆரஞ்சு. பச்சைக்குப் பயம் இன்னும் போகவில்லை. மேட்டின் மறுபாதி பட்டியலில்தான் இருந்தது. மெஹாஃபி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"மூணு நாள்ல நாலு வரைபடம்! யாரோ ஒருத்தரைக் காப்பாத்தத்தான் இந்தக் கோடு இப்படி நெளியுது. ஒரே ஒரு கேள்வி. மிஸ்டர் ப்ரூட், உங்க வீடு எங்க இருக்கு?"

வெண்டல் காகிதங்களை அடுக்கினான்.

"ஊழியர்களோட முகவரியைக் கூட்டத்துல சொல்றதில்ல, விதி," என்றார் வாரியத் தலைவர்.

"அவருக்குப் பிள்ளை இருக்கா? அதுவும் விதியா? பாருங்க, காது சிவக்குது!"

பச்சை கைதட்டியது. முதல் முறையாக ஆரஞ்சும் சேர்ந்து தட்டியது.

தலைவர் வெண்டலைப் பார்த்தார். "ஏதாவது சொல்றீங்களா?"

"கணக்கு சரியா இருக்கு, சார்," என்றான் வெண்டல். "அதை மட்டும் பாருங்க."

அது போதவில்லை. கோடு போட்டவர்மேல் சந்தேகம் இருப்பதால் முடிவை ஒரு வருடம் தள்ளிவைக்கலாம் என்று ஓர் உறுப்பினர் முன்மொழிந்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். முதல் வரிசையில் முதல் வகுப்பு ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள்.

"கடைசிப் பேச்சாளர்," என்று டெல்ஃபீன் பெயரைப் படித்தாள். "ரோவீனா ஃபிஷ்பர்ன்."

வெண்டல் கண்ணை மூடிக்கொண்டான்.

"இந்த வரைபடம் தப்பு," என்றாள் ரோவீனா. "லார்க்ஸ்பர் கோர்ட்டை டேனர் ரோடுக்கு அனுப்பறது தப்புன்னு என் ரெண்டு நிமிஷம் முடியற வரைக்கும் சொல்லுவேன். என் பொண்ணு தினமும் அழறா. ஆனா பாலம் தப்புன்னு சொன்னேன், மறுநாளே நடந்து போய்ப் பார்த்துட்டு மாத்தினார். தொப்பியைத் தொலைச்சார். இரட்டைப் பிள்ளைங்களைப் பத்திச் சொன்னேன், மாத்தினார். என் தெருவைப் பத்தி எத்தனை தடவை சொன்னாலும் மாத்தல."

"அதைத்தான் நானும் சொல்றேன்!" என்றார் மெஹாஃபி. "வேற யாருக்கோ..."

"உட்காருங்க, மிஸ்டர் மெஹாஃபி. என் நேரம் இது."

மெஹாஃபி உட்கார்ந்தார். டெல்ஃபீனின் விரல் மணிமேல் இருந்தது. பத்து விநாடி மிச்சம்.

"அவர் வீடு எங்கன்னு கேட்டீங்க. விதி ஊழியருக்குத்தான், எனக்கில்ல. லார்க்ஸ்பர் கோர்ட், நாலாம் நம்பர். எனக்கு எப்படித் தெரியும்னா, பதினெட்டு நாளா அந்த வீட்டு சோபாவுல என் புருஷனைப் படுக்க வச்சிருக்கறதே நான்தான்."