பின்கதவில் ஒட்டிய ஐந்து நட்சத்திரங்கள்

கூனிமேடு,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

பெருமதிப்பிற்குரிய மீரான் மாமா அவர்களுக்கு, தங்கை மகன் உபைத் பணிவோடு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இந்த இடத்தில் நலம் என்றுதான் எழுதுவார்கள். ஆனால் ஷார்ஜாவில் உங்கள் காதுக்கு வந்து சேர்ந்த செய்தியைப் பார்த்தால், முதலில் உயிரை உறுதி செய், நலத்தை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம் என்று உம்மா சொன்னார்கள். "வாய்ஸ் மெசேஜ் போடாதே, நடுவுல சிரிச்சிடுவே. பேப்பர்ல எழுது, வெள்ளிக்கிழமை கிளம்பி வர்ற ஃபைசல்கிட்ட குடுத்தனுப்பு" என்று நீங்கள் உத்தரவு போட்டபடி எழுதுகிறேன். ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. இரண்டு இடங்களில் மட்டும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உங்கள் முதல் கேள்வி, நம் பிக்கப்பிலிருந்து விழுந்து மவுத்தானவர்கள் யார் என்பது. பதில்: மூன்று சாக்குப் பொம்மைகள். உப்பளத்து முனையில் டீக்கடை வைத்திருக்கும் தட்சணாமூர்த்தி அண்ணன் வாயிலிருந்து மூன்று பேராகக் கிளம்பிய செய்தி, மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் ஐந்தாகி, கடல் தாண்டி உங்களிடம் வரும்போது ஏழாகிவிட்டது. பக்கத்து ரூம்காரர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்து, அந்த ஏழு பேருக்காகவும் உங்களோடு யாசீன் ஓதியதாகக் கேள்விப்பட்டேன். ஓதிய நன்மை எங்கேயும் வீண் போகாது மாமா.

இனி ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். அந்த டபுள் கேபின் பிக்கப்பை நீங்கள் தேர்ந்தெடுத்ததில் ஒரு குறையும் இல்லை. ஷார்ஜாவில் உங்கள் முதலாளி அர்பாப் ஓட்டுவதுபோல ஒரு வண்டி நம் உப்பு லோடுக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள், வெளிநாட்டில் மோதவிட்டுச் சோதித்ததில் பாதுகாப்புக்கு ஐந்துக்கு ஐந்து ஸ்டார் வாங்கிய வண்டி என்று சொன்னீர்கள், ஊரில் நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி ஒரு ஸ்டிக்கர் ஒட்டு என்று என்னிடம் பொறுப்பைக் கொடுத்தீர்கள். நாலு பேர் என்று நீங்கள் சொன்னதை நான் நானூறு பேர் என்று எடுத்துக்கொண்டேன். மரக்காணத்து ஸ்டிக்கர் கடையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஐந்து தங்க நிற நட்சத்திரம் வெட்டச் சொல்லி, பின்கதவில் வரிசையாக ஒட்டி, கீழே 'மோதினாலும் மோசமில்லை' என்று ஒரு வாசகமும் போட்டேன். வாசகம் என் சொந்தச் சரக்கு. ஊரே நின்று படித்தது. அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை இங்கே எழுதினால் நீங்கள் அடுத்த விமானத்தில் வந்து அடிப்பீர்கள்.

பிரம்மதேசத்திலிருந்து நம் உப்புப் பாத்திக்கு வேலைக்கு வருகிற பதினோரு பெண்களும் அதுவரை ஷேர் ஆட்டோவில்தான் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருக்கிற செல்லம்மாள் அக்கா லோடு வண்டியில் ஏறவே மாட்டார்கள். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு எல்லோரும் லோடு வண்டியில் போனாலும் அவர்கள் மட்டும் பஸ்ஸுக்கு நிற்பார்கள். நம் டிரைவர் காசிலிங்கம் அண்ணன் ஒரு நாள் காலையில் காலி வண்டியை அவர்கள் முன்னால் நிறுத்தி ஏறச் சொல்லியிருக்கிறார்.

"ஏம்பா, இதுவும் லோடு வண்டிதானே?"

"பின்னாடி பாருக்கா. அஞ்சு ஸ்டாரு. ஃபாரின்ல மோதவுட்டுப் பாத்திருக்கான், ஒண்ணும் ஆவல."

"யாரு ஒட்டுனது?"

"பாய் வூட்டுப் புள்ள, உபைத்து."

"அந்தப் போக்கிரியா? அப்போ பொய்யி."

"ஒட்டுனதுதான்க்கா அவன். சொன்னது அவங்க மாமா."

"மீரான் பாயே சொன்னாரா?" என்று கேட்டுவிட்டு, ஐந்து நட்சத்திரத்தையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, செல்லம்மாள் அக்கா ஏறிவிட்டார்கள். அவர்கள் ஏறியதும் மற்ற பத்துப் பேரும் ஏறிவிட்டார்கள். உங்கள் பேச்சை நம்பி ஏறினார்கள் என்பதை இந்த இடத்தில் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

உள்ளே சீட் இருந்தது மாமா. ஆனால் உப்புத் தண்ணீர் ஊறிய சேலையோடு உட்கார்ந்தால் சீட் வீணாகும், பிளாஸ்டிக் கவரைக்கூடக் கிழிக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்ததால், பதினோரு பேரும் பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியில்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் வாரம் நாற்பதில் போன காசிலிங்கம் அண்ணன், நட்சத்திரம் கொடுத்த தைரியத்தில் இரண்டாவது வாரம் திண்டிவனம் ரோட்டில் எண்பதில் போனார். வளைவில் கத்தியவர்களிடம், "ஸ்டாரு இருக்குதுல்ல, சும்மா வாங்க" என்றிருக்கிறார்.

இதற்கிடையில் எனக்கு ஒரு கெட்ட காரியம் நேர்ந்தது. நான் படித்தேன். நீங்கள் அனுப்பிய அந்தச் சோதனை அறிக்கையை, பொம்மைகள் பறக்கிற படம் ஏதாவது இருந்தால் ஸ்டேட்டஸ் வைக்கலாமே என்றுதான் திறந்தேன். முன்சீட்டில் இரண்டு பெரிய பொம்மைகள், பின்சீட்டில் இரண்டு சிறுவர் பொம்மைகள், நான்குக்கும் பெல்ட். கழுத்துக்கு இவ்வளவு, நெஞ்சுக்கு இவ்வளவு, முழங்காலுக்கு இவ்வளவு என்று புதுமாப்பிள்ளையைக் கவனிப்பது போலக் கவனித்துப் பச்சையும் மஞ்சளும் பூசி மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். தொட்டியில் நின்ற பொம்மைக்கு எத்தனை மதிப்பெண் என்று தேடினேன். இரண்டு முறை தேடினேன். தொட்டியில் பொம்மையே இல்லை மாமா. பூஜ்யம் போட்டிருந்தாலாவது பரீட்சை எழுதியதாக அர்த்தம். இது ஆப்சென்ட். அங்கே ஆள் நிற்பார்கள் என்று அந்த நாட்டில் யாருக்கும் தோன்றவே இல்லை.

அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்து சொன்னேன். நீங்கள் கடையில் கூட்டம் என்று சொல்லிவிட்டு, "டேய், முன்னாடி அஞ்சுன்னா பின்னாடி ரெண்டரையாவது இருக்கும்ல" என்றீர்கள். இதற்கு நான் சிரித்தேன் என்பதுதான் உங்கள் புகாரில் இரண்டாவது. சிரித்தது உண்மை. பயம் வந்தாலும் எனக்கு அதே சத்தம்தான் வருகிறது, நான் என்ன செய்வேன்?

பிறகு அந்தப் பெண்களிடமே போய்ச் சொன்னேன். நட்சத்திரம் உள்ளே பெல்ட் போட்டு உட்கார்ந்தவர்களுக்குத்தான், உங்களுக்கு ஒன்றுகூட இல்லை, இறங்குங்கள் என்றேன். பதினோரு பேரும் சிரித்தார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. போன வருடம், உப்பளத்தில் பூநாரை முட்டை போட்டிருக்கிறது, வனத்துறை ஆட்கள் வருகிறார்கள், நாளைக்கு யாரும் பாத்தியில் இறங்கக் கூடாது என்று பொய் சொல்லி அவர்களை ஒரு நாள் வீட்டில் உட்கார வைத்தவன் நான்தான். "இப்போ இன்னா பறவைடா?" என்று செல்லம்மாள் அக்கா கேட்டார்கள்.

வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், கண்ணால் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். போன சனிக்கிழமை மதியம், அவர்கள் கொட்டகையில் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம், அரைச் சாக்கு உப்பும் மேலே வைக்கோலும் அடைத்து, மூங்கில் கழி சொருகி, பழைய மண்சட்டியைத் தலையாகக் கவிழ்த்து நாலு பொம்மை செய்தேன். ஒன்றை முன்சீட்டில் உட்கார வைத்துப் பெல்ட் போட்டேன். மூன்றைத் தொட்டியில் நிற்க வைத்தேன். தத்ரூபமாக இருக்கட்டும் என்று, சேலைக்கு மேலே அவர்கள் போட்டுக்கொண்டு வேலை செய்கிற ஆம்பளைச் சட்டைகள் கொட்டகைக் கழியில் தொங்கியதிலிருந்து மூன்றை எடுத்து மாட்டினேன். கேட்காமல்தான் எடுத்தேன். என் வாழ்க்கையில் செய்த தப்புகளிலேயே இதுதான் பெரியது. காசிலிங்கம் அண்ணன், "எனக்கும் பாக்கணும்னுதான்டா இருக்குது" என்று சொல்லிவிட்டு, பிறந்ததிலிருந்து முதல் முறையாகப் பெல்ட் போட்டார்.

உப்பளத்துக்குள் போகிற மண்பாதையில் நாற்பதில் வந்து, வாய்க்கால் வளைவில் வண்டியை ஒரு ஒடி ஒடித்து பிரேக் அடித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்சீட்டுப் பொம்மை ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு மரியாதையாக உட்கார்ந்துகொண்டது. தொட்டியில் ஒன்று கேபினில் மோதி மண்டை சிதறியது. நீங்கள் கேட்ட பின் கண்ணாடி விரிசல் அதுதான். ஒன்று பக்கவாட்டில் பாதையில் விழுந்தது. மூன்றாவது வாய்க்காலுக்குள் போயிற்று. தூரத்திலிருந்து பார்த்த தட்சணாமூர்த்தி அண்ணன் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு, "பொம்பளைங்கல்லாம் போச்சே!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். போனில் ஊருக்குச் சொல்லிக்கொண்டேதான் ஓடி வந்தார்.

அவருக்கு முன்னால் ஓடி வந்தது, பதினோரு பேரில் ஒருவரான வைஜெயந்தி அக்காவின் மகன் பரத். நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் லீவு என்று அம்மாவோடு வந்து கரையில் விளையாடிக்கொண்டிருந்தான். அவனை நான் கவனிக்கவில்லை. வாய்க்காலில் வைஜெயந்தி அக்காவின் நீலக் கட்டம் போட்ட சட்டை கையை விரித்துக்கொண்டு கவிழ்ந்து மிதந்தது. அவன் அழவில்லை மாமா. அம்மா என்றுகூடக் கூப்பிடவில்லை. கரையில் நின்று செருப்பைக் கழற்றி ஒழுங்காகப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். உப்புத் தண்ணீரில் செருப்போடு இறங்கினால் அம்மா திட்டும் என்று அவனுக்குப் பழக்கம்.

சத்தம் கேட்டு எழுந்து வந்த வைஜெயந்தி அக்கா கொட்டகை வாசலிலிருந்து, "டேய் பரத்து! இங்க இருக்கேன்டா! என்னைப் பாருடா!" என்று கத்தினார்கள். அவன் திரும்பி அவர்களைப் பார்த்தான். மறுபடியும் சட்டையைப் பார்த்தான். எதை நம்புவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவர்களே இறங்கிப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்த வேகத்தில் என்னை ஒரு அறை அறைந்தார்கள். கன்னத்தில் ஐந்துக்கு ஐந்தும் பதிந்தது. இது மட்டும் நான் முழுத் தகுதியோடு வாங்கியது.

பிறகு அவர்கள் திட்டவில்லை. பையனை இடுப்பில் வைத்துக்கொண்டே காசிலிங்கம் அண்ணனிடம், "நெஜமா நாங்க நின்னிருந்தாலும் இப்படித்தான் போயிருப்பமா?" என்று கேட்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. எனக்கு ஆட்டமே இல்ல."

"ஒனக்கு எப்படிடா ஆடும்? ஸ்டாரு ஒனக்குத்தானே" என்றார்கள் செல்லம்மாள் அக்கா.

அதற்கப்புறம் ஊரே வந்து சேர்ந்தது. ஆம்புலன்ஸும் வந்து, சாக்குகளைப் பார்த்து, என்னைப் பார்த்து, திட்டிவிட்டுப் போயிற்று. அந்தத் திட்டை எழுதினால் இந்தக் கடிதத்தை நீங்கள் ரூமில் வைத்துப் படிக்க முடியாது.

மாமா, உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்வார்கள். நாம் உப்பிட்டவரை உள்ளே விடாமல் வெளியே நிற்க வைத்துவிட்டு, சீட்டுக்குப் பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்திருக்கிறோம். என் விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதான். பிக்கப் உப்பு ஏற்றட்டும். ஆட்களுக்கு சீட் வைத்த ஒரு பழைய வேன் பாருங்கள். ஸ்டார் இல்லாவிட்டாலும் உட்கார இடம் இருந்தால் போதும். நீங்கள் பதில் சொல்லும்வரை ஷேர் ஆட்டோவிலேயே வருவதாகச் செல்லம்மாள் அக்கா என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், காசிலிங்கம் அண்ணனும் தலையாட்டியிருக்கிறார், நட்சத்திரங்களை நானே உட்கார்ந்து சுரண்டி எடுத்துவிட்டேன். ஆகவே இங்கே எல்லாம் ஒழுங்காகிவிட்டது, நீங்கள் பதறி டிக்கெட் போட வேண்டாம். இனிமேல் வண்டி விஷயத்தில் நான் தலையிட மாட்டேன் என்று உம்மா முன்னிலையில் உறுதி கூறுகிறேன்.

உங்கள் உடம்புக்கும் தொழிலுக்கும் பரக்கத் வேண்டி உம்மா ஐந்து வேளையும் துஆ செய்கிறார்கள். எனக்காக நீங்கள் ஒரு வேளை செய்தால் போதும். இருக்கிற கோபத்துக்கு அதுவே அதிகம் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அடக்கத்தோடு அடங்கியிருக்கும் மருமகன்,
உபைத்

பின்குறிப்பு: புதன்கிழமை காலை. ஒழுங்காகிவிட்டது என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். இன்று ஷேர் ஆட்டோ வரவில்லையாம். பதினோரு பேரும் தொட்டியில்தான் வந்து இறங்கினார்கள். இறங்கினார்கள் என்று சொல்வதும் தப்பு, அவிழ்த்து விடப்பட்டார்கள். மூட்டை கட்டுகிற நைலான் கயிற்றால் இடுப்பைச் சுற்றி, ஒருத்தரோடு ஒருத்தராகக் கம்பியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வழியில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும்வரை பரத்தும் அதே கயிற்றில்தான் வந்தானாம். செல்லம்மாள் அக்கா முடிச்சை என்னிடம் பெருமையாகக் காட்டி, "இப்போ இன்னாடா சொல்றே? முன்னாடி பொம்மைக்கு பெல்ட்டு போட்டே, உளுவல. பின்னாடி போடல, உளுந்துச்சு. நீ காட்டுனதுதானே? நாங்களும் போட்டுக்கினோம்" என்றார்கள். வண்டி கவிழ்ந்தால் அந்தக் கயிறு ஒருவரைக்கூடத் தப்ப விடாது மாமா. நான் சிரிக்கவில்லை. பயத்தில் வருகிற அந்தச் சத்தம்கூட வரவில்லை.

எனவே இன்று சாயங்காலத்திலிருந்தே ஷேர் ஆட்டோவுக்கு உங்கள் பெயரைச் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டேன். பிக்கப்பின் சாவியும் ஸ்பேர் சாவியும் இந்தக் கவருக்குள் இருக்கின்றன. ஃபைசல் பாய் தடவிப் பார்த்துக் கேட்டால் பேரீச்சங்கொட்டை என்று சொல்வதாக இருக்கிறேன். வேன் வந்ததும் திருப்பி அனுப்புங்கள். காசிலிங்கம் அண்ணன் காலையிலிருந்து பாத்தி பாத்தியாகச் சாவியைத் தேடுகிறார். பாவம், நானும் கூடவே குனிந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.