வில்லங்கமில்லாத புடலங்காய்

ஒரு நாட்டின் நாகரிகத்தை அளக்கச் சரியான கருவி புடலங்காய்தான் என்பது கோதண்டராமன் கண்டறிந்து உலகுக்கு வழங்கிய உண்மை. அந்த அளவுகோலின்படி, அவர் தம் மகன் பிரசாத்தோடு ஆக்லாந்து நகரின் மவுண்ட் ஆல்பர்ட்டில் வந்து குடியேறும் வரை நியூசிலாந்து நாகரிகம் அடையாத நாடாகவே இருந்தது. ஆடு இருந்தது, மாடு இருந்தது, மக்களாட்சிகூட இருந்தது. முறையான புடலங்காய் இல்லை.

கோதண்டராமன் கும்பகோணம் பக்கத்தில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூலப்பத்திரத்தைப் பார்க்காமல் யாருடைய கிரயத்தையும் அவர் பதிந்ததில்லை. அந்தப் பழக்கம் கத்தரிக்காய் வாங்கும்போதும் அவரை விட்டதில்லை. எந்த மண், யார் தோட்டம், யார் கைமாறி வந்தது என்று விசாரித்துத் திருப்தி அடைந்த பிறகே பையைத் திறப்பார். அப்படிப்பட்டவர் வீட்டுப் புடலங்காய்க்கு ஒரு வம்சாவளி இருந்ததில் வியப்பில்லை.

அது அவருடைய கொள்ளுத்தாத்தா கிணற்றடியில் ஊன்றிய விதை. அங்கிருந்து 'வெளிக் கலப்பு' எதுவும் இல்லாமல் வாரிசு முறையில் இறங்கி வந்தது. ஆக்லாந்து விமான நிலையத்தில் விதை கொண்டுவரத் தடை என்று பெரிதாக எழுதிப் போட்டிருந்தார்கள். கோதண்டராமன் சட்டத்தை மதிப்பவர். ஆகவே விதைகளைக் குங்குமச் சிமிழுக்குள் போட்டு, சிமிழை மனைவி பங்கஜத்தின் கைப்பைக்குள் வைத்துவிட்டார். அவர் பையில் ஒன்றுமில்லை. அவர் படிவத்தில் எழுதியது அத்தனையும் உண்மை. மோப்ப நாய் பங்கஜத்தின் பையை முகர்ந்து பார்த்துவிட்டு, பெரிய குடும்பம் என்று புரிந்துகொண்டு மரியாதையாக ஒதுங்கிப் போனது. இந்த நாயின் நற்பண்பை ஆக்லாந்தில் தாம் சந்தித்த எல்லாத் தமிழரிடமும் அவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். சிலரிடம் இருமுறை.

வீட்டின் பின்புறம் பிரசாத் ஒரு கண்ணாடிக் கூடம் கட்டிக் கொடுத்திருந்தான். விதை ஊன்றியது, தண்ணீர் விட்டது, பந்தல் கட்டியது, பொழுது சாயும் நேரத்தில் சிறு தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைத்தது எல்லாம் பங்கஜம். மிகக் கடினமான பணியைக் கோதண்டராமன் தமக்கென வைத்துக்கொண்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். காயின் நுனியில் ஓர் எரிமலைக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதும் அவரே. கல் இழுத்த இழுப்பில் காய் சுருளாமல், வளையாமல், அவரைப் போலவே விறைப்பாக வளர்ந்தது. பங்கஜத்தின் தோளுயரம் வந்ததும் அதைப் 'பொதுவாழ்வில்' ஈடுபடுத்தும் காலம் வந்துவிட்டதாக அவர் முடிவு செய்தார்.

வாய்ப்பைக் கொண்டுவந்தவர் பக்கத்துத் தெரு சபாரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஊரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"ஐயா, சனிக்கிழமை புக்கெகோஹிப் பக்கம் விவசாயக் கண்காட்சி. ஆடு, மாடு, மரம் வெட்டுற போட்டி, ரப்பர் பூட்ஸ் எறியிற போட்டி எல்லாம் இருக்கு. நாலு பேருமாப் போவம்."

"பூட்ஸை எதுக்கு எறியறாங்க?"

"தூரம் போகுதோ எண்டு பாக்கத்தான்."

"போனா?"

"போய் எடுத்துக்கொண்டு வருவினம்."

கோதண்டராமன் இந்த நாட்டின்மீது கொஞ்சநஞ்சம் வைத்திருந்த நம்பிக்கையையும் இழக்கும் தறுவாயில், காய்கறிக்கும் அங்கே பரிசு உண்டு என்று சபாரத்தினம் சொன்னார். உடனே சமையலறையில் பயண ஆலோசனைக் கூட்டம் கூட்டப்பட்டது. தலைமை, கோதண்டராமன். புளியோதரையும் வடையும் பங்கஜம் பொறுப்பு என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டபோது பங்கஜம் ஏற்கெனவே உளுந்தை ஊற வைத்திருந்தார். புடலங்காய் பயணத்தின்போது எக்காரணம் கொண்டும் வளையக்கூடாது என்பது இரண்டாவது தீர்மானம். மனிதர்கள் வளைவதைப் பற்றித் தீர்மானத்தில் ஒன்றும் இல்லை.

அதனால் சனிக்கிழமை காலை சபாரத்தினத்தின் வேனில் காய் நீட்டிப் படுத்துக்கொள்ள, பங்கஜமும் சபாரத்தினத்தின் மனைவி குணவதியும் அதன் இருபுறமும் ஒடுங்கி உட்கார்ந்து போனார்கள்.

"அக்கா, கால் மரத்துப் போச்சு. இதைக் கொஞ்சம் உங்கட பக்கம் தள்ளட்டே?"

"தள்ளாத குணவதி. அவர் கண்ணாடியில பாத்துக்கிட்டே வர்றார்."

புக்கெகோஹி வெயில் அன்று மண்டையைப் பிளந்தது. ஊரே தொப்பி போட்டுக்கொண்டு திரண்டிருந்தது. ஒரு பக்கம் ஆட்டுக்கு முடி வெட்டினார்கள், மறுபக்கம் கழுத்து நீண்ட அல்பாக்காவுக்குத் தலை வாரினார்கள். சபாரத்தினம் பூட்ஸ் எறியும் இடத்தை ஏக்கத்தோடு பார்த்தார். கோதண்டராமன் எதையும் பார்க்கவில்லை. பிணம் தூக்குகிறவர்களின் பக்குவத்தோடு நால்வரும் புடலங்காயை முன்னும் பின்னுமாகப் பிடித்துக் காய்கறிக் கூடத்துக்குள் கொண்டு சென்றார்கள்.

கூடத்துப் பொறுப்பாளர் ஹெதர் என்ற பெரிய வைக்கோல் தொப்பிப் பெண்மணி. அதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு, 'வேறு எந்த வகையிலும் சேராதவை' என்ற பிரிவில் கிடத்தினார். அந்தப் பிரிவில் ஏற்கெனவே ஒரு நூல்கோல் இருந்தது. ஒரு சிறுமி வந்து, இது கடிக்குமா என்று கேட்டுவிட்டுப் போனாள். மதியத்துக்கு முன்பே முடிவு தெரிந்தது. முதல் பரிசு, 'மிஸ்டர் கோதா'.

ஹெதர் ஒலிவாங்கியை நீட்டி, இந்த அதிசயக் காயைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டார். கோதண்டராமனிடம் நாலு வார்த்தை கேட்பது குழாயிடம் நாலு சொட்டுக் கேட்பது மாதிரி. கொள்ளுத்தாத்தா, கிணற்றடி, விதையின் தூய்மை, குங்குமச் சிமிழ், ஆக்லாந்து விமான நிலையம், நாயின் மரியாதை என்று வரிசையாக, நல்ல ஆங்கிலத்தில், உரத்த குரலில் எடுத்துரைத்தார். கூட்டம் கை தட்டியது.

கூடத்தின் மூலையில் ஒரு விழிப்புணர்வுக் கடை போட்டிருந்தார்கள். அங்கே பச்சைச் சட்டையும் வெயில் கண்ணாடியுமாக உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்த இளம் பெண் ஒருத்தி பொட்டலத்தைக் கீழே வைத்தாள். நேரே வந்தாள்.

"அருமையான பேச்சு," என்றாள் ஆங்கிலத்தில். "அந்த விதையை இந்தியாவிலிருந்து நீங்களே கொண்டுவந்தீர்களா?"

ஆமாம் என்று வாயெடுத்த நொடியில் அவள் சட்டையில் இருந்த பூச்சிப் படமும் அதன் கீழிருந்த எழுத்தும் அவர் கண்ணில் பட்டன. வெளிநாட்டு விதையும் பூச்சியும் நாட்டுக்குள் நுழையாமல் தடுக்கும் அதிகாரி. ஆமாம் என்றால் காய் பறிமுதல். கண்ணாடிக் கூடத்துக் கொடி வேரோடு தீயில். பிரசாத் வீட்டு வாசலில் அரசாங்க வண்டி. இல்லை என்றால் கொள்ளுத்தாத்தா.

சபாரத்தினம் ஓரடி முன்னே வந்து தமிழில், ஒளிவு மறைவில்லாமல், ஆலோசனை வழங்கினார்: "ஐயா, அவசரப்படாதேங்கோ. வெஸ்ட்கேட் கடையில வாங்கினதெண்டு சொல்லிவிடுங்கோ. நாங்கள் கதைக்கிறது இந்தப் பிள்ளைக்கு விளங்காது."

"கடை விதையா? எங்க வீட்டுலயா?"

"அப்ப மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணப் போறியளோ?"

"விளங்கும் மாமா," என்றாள் அந்தப் பெண், கண்ணாடியைக் கழற்றியபடி. "என்ர பேர் கம்சாயினி. வீட்டில தமிழ்தான். ஆனா ப்ளீஸ், ஸ்லோவா கதையுங்கோ."

சபாரத்தினத்துக்குத் திடீரென்று பக்கத்து மேசைப் பூசணிக்காயில் ஆழ்ந்த ஈடுபாடு ஏற்பட்டது.

அப்போது பங்கஜம் நகர்ந்து போய், அந்தப் பச்சைச் சட்டையை ஒட்டி நின்றுகொண்டார்.

"இங்க பாரும்மா, இவர் ஒண்ணும் கொண்டுவரலை. ஏர்போர்ட்ல ஒரு தொட்டி வச்சிருந்தாங்களே, கூடாததையெல்லாம் இதுல போட்டுட்டுப் போங்கன்னு. அதுல சிமிழோட போட்டுட்டேன். இவர் பாத்ரூம் போயிருந்தார்."

கூடத்தில் நூல்கோல்கூட அசையவில்லை.

"அப்ப இது?" என்றார் கோதண்டராமன், காயைக் காட்டி.

"குணவதி குடுத்த விதை."

"ஓம்," என்றார் குணவதி. "வெஸ்ட்கேட்டில வாங்கின பாக்கெட். பாதியை அக்காவுக்குக் குடுத்தனான்."

"அப்ப இது எங்கட யாழ்ப்பாணக் காய்," என்று பூசணிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பாக்கெட்டில தாய்லாந்து எண்டு போட்டிருந்தது. சும்மா இருங்கோ."

வேறு யாராக இருந்தாலும் தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள். கோதண்டராமன் அந்த ரகத்தைச் சேர்ந்தவர் அல்லர். முதுகை நிமிர்த்தினார்.

"இவ என்னைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்றா. நான்தான் கடத்தினேன். எழுதிக்கோ."

"நீங்கள் கடத்தேல்லை அங்கிள்."

"கடத்தினேன். மனசறிஞ்சு, திட்டம் போட்டு. நேரடி சாட்சி இருக்கு. உங்க டிபார்ட்மென்ட் நாய்."

"அது நல்ல நாய் அங்கிள். விதை இருந்திருந்தா பிடிச்சிருக்கும்."

"உன் மேலதிகாரியைக் கூப்பிடு."

"லஞ்சுக்குப் போயிட்டா."

"சரி, அபராதமாவது போடு."

"ஏலாது அங்கிள்."

"கொஞ்சமாவது போடும்மா," என்றார் கோதண்டராமன். ஆயுளில் யாரிடமும் எதையும் கெஞ்சாத குரல் அது. கெஞ்சியபோது கொஞ்சம் பிசிறு தட்டியது.

கம்சாயினி குனிந்து காயைத் தடவிப் பார்த்தாள். "எங்கட அம்மாவும் இதைத்தான் நடுறவா. இதே வெள்ளைக் கோடு. பாற்கறிக்கு நல்லா இருக்கும்." பிறகு, எந்தக் குற்றமும் நடக்கவில்லை, எதுவும் பறிமுதல் செய்யப்பட வேண்டியதில்லை, பரிசுக்கு வாழ்த்துகள் என்று ஆங்கிலத்தில் முறைப்படி அறிவித்து, பூச்சிப் படம் போட்ட, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். எத்தனையோ சொத்துகளுக்கு அவர் கையெழுத்திட்டு வழங்கிய சான்று அன்று அவருக்கே வழங்கப்பட்டது. வில்லங்கம் ஏதுமில்லை.

நால்வரும் மரத்தடியில் துண்டு விரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். சபாரத்தினம் வேகமாகச் சாப்பிட்டுவிட்டு, "ஒருக்கா பூட்ஸ் எறிஞ்சு பாத்திட்டு வாறன்," என்று எழுந்து போனார். குணவதியும், அவர் தோளைச் சுளுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவென்று பின்னால் போனார்.

கோதண்டராமன் புளியோதரையை அளைந்துகொண்டிருந்தார். தம் வீட்டில் தமக்குத் தெரியாமல் ஒரு துரும்பும் அசையாது என்பது அவர் இத்தனை வருடங்களாக அனுபவித்து வந்த சொத்து. அதில் இன்று ஒரு மூலை காணாமல் போயிருந்தது. கோபப்பட இடம் பார்த்தார், கிடைக்கவில்லை. கம்பீரம் குறையாமல் கேட்டார்:

"பங்கஜம். இந்த மாதிரி, நீ எங்கிட்ட சொல்லாம விட்டது வேற ஏதாவது இருக்கா?"

பங்கஜம் கையைத் துடைத்துக்கொண்டு காய்கறிக் கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு இன்னும் இருக்காளான்னு பாத்துட்டு வாங்க. இருந்தா கூட்டிட்டு வாங்க, எம் பக்கத்துல நிக்கட்டும். ஒவ்வொண்ணா சொல்றேன்."

கோதண்டராமன் கூடத்தைப் பார்த்தார். பச்சைச் சட்டை வாசலிலேயே, கூப்பிடு தூரத்தில், மிச்ச வறுவலைத் தின்றுகொண்டு நின்றது. அவர் மெதுவாகத் தட்டின் பக்கம் திரும்பி, இன்னொரு வடை கேட்டார்.

அந்தக் குடும்பத்தின் மானம் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் காப்பாற்றப்பட்டு வருகிறது. வடை சுடுகிறவர்கள் வாய் திறக்காத வரை அதற்கு ஒரு குறையும் வராது.