மூன்று தடவை இலை போட்டுக் காத்திருந்தவர்களுக்கு

திண்டிவனம்,
ஆனி 24, செவ்வாய்க்கிழமை.

கண்டாச்சிபுரம் திரு. கண்ணையன் அவர்கள் சமூகத்துக்கு, திண்டிவனம் விருத்தாசலம் கைகூப்பி எழுதுவது. இங்கு நான், மனைவி தையல்நாயகி, மகள் கவிதா மூவரும் உடம்புக்கு நலம். மனசுக்கும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. தாங்களும் தங்கள் வீட்டம்மா வெள்ளையம்மாள் அவர்களும் பிள்ளை இனியவனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். எட்டு நாளாக நீங்கள் எடுப்பதில்லை, ஆகவே தபால்.

உங்கள் பிள்ளைக்கு என் பெண் என்று பேசி முடித்தாகிவிட்டது. நாங்கள் உங்கள் வீடு பார்க்க வந்து கை நனைப்பது ஒன்றுதான் பாக்கி. அதற்கு வைகாசியில் இரண்டு தடவை, ஆனியில் ஒரு தடவை கிளம்பினோம். மூன்று தடவையும் கார் நடுவழியில் நின்றது. "வர்றதுக்கு மனசு இல்லாதவங்களுக்கு காரு ஒரு சாக்கு, மூணு தபா எலை போட்டு எடுத்துட்டோம்" என்று வீட்டம்மா சொன்னதாகத் தரகர் வந்து சொன்னார். ஆடி பிறப்பதற்குள் வேறு இடம் பார்ப்பதாகவும் சொன்னார். ஐயா, சாக்கு இல்லை. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், படித்துவிட்டு எந்தத் தண்டனை கொடுத்தாலும் சரி.

முதல் தடவை விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது பானெட்டிலிருந்து புகை வந்தது. பின்னால் இருந்த லாரிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்து என் வம்சத்தையே விசாரித்தார்கள். வண்டியை ஓரம் தள்ளி, ஆற வைத்து, தண்ணீர் ஊற்றுவதற்குள் ராகுகாலம் வந்துவிட்டது, திரும்பிவிட்டோம். திரும்பும்போது வண்டி ஒரு முக்கல் முனகல் இல்லாமல் ஓடியதுதான் ஆச்சரியம். மறுநாள் மரக்காணம் ரோட்டில் மெக்கானிக் இருதயராஜிடம் விட்டேன். அவர் சாயங்காலம் கூப்பிட்டு, "ஒலக்கூரு வரைக்கும் ஓட்டிக்கினு போய்ட்டு வந்தேன் சார், முள்ளு அசையல, வண்டில ஒண்ணும் இல்ல" என்றார். புகையைக் கண்ணால் பார்த்தவனிடம் ஒன்றும் இல்லை என்றால் கோபம் வருமா வராதா? எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டும் என்று நின்றேன். நோவே இல்லாத உடம்புக்கு ஊசி போடச் சொல்கிறீர்களே என்று முனகிக்கொண்டே, இஞ்சின் சூட்டை அளவோடு வைக்கிற தெர்மோஸ்டாட்டை மாற்றினார்.

இரண்டாம் தடவை விழுப்புரம் பஸ் நிலையத்துக்கு எதிரே, நட்டநடு ரோட்டில், ஊரே பார்க்க நின்றது. இருதயராஜ் என்னை ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டி, விழுப்புரத்திலேயே இன்னொரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் நல்ல மனிதர், நான் கேட்பதற்கு முன்பே எல்லாம் கெட்டுப்போச்சு என்றார். தண்ணீர் பம்பை மாற்றி, பழையதைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். மூன்றாம் தடவை கண்டாச்சிபுரத்துக்கு இன்னும் பத்து கிலோமீட்டர்தான், அங்கே நின்றது. ஆட்டோ வைத்து வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். நின்ற பயணத்தைத் தொடர்ந்தால் பெண் வாழ்க்கையும் நின்று நின்றுதான் போகும் என்று தையல்நாயகி ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதாள். இஞ்சின் ஆறியதும் வண்டியைத் திருப்பினேன். மூன்று தடவையும் வீட்டுக்கு வந்தபோது கவிதா வாசலில் நின்றாள். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய் எங்களுக்குச் சோறு வைத்தாள். இருபத்தொன்பது வயசுப் பெண் அப்படி ஒன்றும் கேட்காமல் சோறு வைப்பதைப் பார்ப்பது பெற்றவனுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று பெண் இல்லாத உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

போன வெள்ளிக்கிழமை மயிலம் முருகனுக்கு ஒரு பரிகாரம் செய்துவிட்டு வருவோம் என்று கிளம்பினோம். அந்த நேரம் பார்த்து இருதயராஜ், என் ஜாக்கி அவர் கடையிலேயே தங்கிவிட்டது என்று கொண்டுவந்தார். தையல்நாயகி காருக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி மூளி மூஞ்சியோடு போகக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். மஞ்சளில் நனைத்த வேட்டியை நாலாக மடித்து முன்பக்கக் கம்பி வலை முழுக்க இழுத்துக் கட்டி, அதன்மேல் கதம்ப மாலை இரண்டு சரம் போடுவாள். இருதயராஜ் ஜாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இத்த கட்டிக்கினு தான் மூணு தபாவும் போனீங்களா சார்? காத்து போற வழிய அடைச்சிட்டா இஞ்சினு வெந்து தான போவும்" என்றார்.

வண்டி நின்றதும் கல்யாணக் காரா என்று ஊர் சிரிக்குமே என்று வெட்கப்பட்டு அந்தத் துணியையும் மாலையையும் முதலில் அவிழ்த்துவிடுவது நான்தான். சாமி துணியோடு பட்டறைக்குப் போகக் கூடாது என்று அதை மடித்து அலமாரியில் வைப்பவள் அவள். பாவம், மெக்கானிக் எதைப் பார்ப்பார்? இதில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவன் நான். என் காரில் இஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள்ளைப் பெட்ரோல் முள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது மேலே ஏற ஏற, ஓட ஓட டேங்க் நிறைகிறதே, நல்ல ராசியான வண்டி என்று மகிழ்ந்திருக்கிறேன். இருதயராஜ் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். தையல்நாயகி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. கவிதா அன்றும் எனக்குச் சோறு வைத்தாள்.

ஆகவே சகுனம் கெடவில்லை, சாமி தடுக்கவில்லை, எங்களுக்கு மனசும் மாறவில்லை. எங்கள் முட்டாள்தனம் மட்டும்தான். இந்தச் சம்பந்தம் முறிந்தால் என் பெண் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? வரும் ஞாயிற்றுக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. தயவுசெய்து இன்னும் ஒரு தடவை, கடைசியாக, இலை போடுங்கள். துணி கட்டாமல் வருகிறோம். பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம், பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
விருத்தாசலம்.

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் கவிதா இதை வாங்கிப் படித்தாள். "நாள் கேக்காதீங்கப்பா. போன புதன்கெழமையே நானும் அவரும் விழுப்புரத்துல கல்யாணத்த பதிவு பண்ணிக்கினோம்" என்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "நீங்க நாலாவது தபா கெளம்பறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்பா" என்றாள். பஸ்ஸில் போனாளாம், ஒரு மணி நேரமாம், எங்கேயும் நிற்கவில்லையாம். உங்கள் பிள்ளை உங்களிடமும் இன்னும் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். மேலே கெஞ்சியதெல்லாம் யாருக்காக என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவர் மட்டும் வருகிறோம். கவிதா எப்போது வருவாள் என்பதை இனி நீங்கள் உங்கள் பிள்ளையைத்தான் கேட்க வேண்டும்.