தில்லையம்பலம் வாங்கிய பனி லொறி

"அண்ணை, ரோட்டை மறிச்சுக்கொண்டு ஒரு சாமான் நிக்குது. கொண்டு வந்தவன் உங்கட பேரைச் சொல்லுறான். கெதியா வாங்கோ."

தொலைபேசியில் அருள்நேசன். பாரிசில், ரூ லூயி-பிளாங் வீதியில் தில்லையம்பலத்தின் மரக்கறிக் கடைக்கு நேரெதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். தில்லையம்பலம் அப்போது தான் குடியிருக்கும் புறநகரான கார்ஜிலிருந்து வரும் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன நிறம்?"

"செம்மஞ்சள். முன்னுக்குப் பெரிய வாய் ஒண்டு இருக்கு. வாய்க்குள்ள பல்லும் இருக்கு."

தில்லையம்பலத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வந்துவிட்டது. ஆனால் அது கார்ஜில், அவருடைய அடுக்குமாடிக்குப் பின்னாலுள்ள வெளியில் இறங்கவேண்டிய சாமான். விற்றவன் விலாசம் கேட்டபோது பழக்கதோஷத்தில் கடை விலாசத்தைச் சொல்லிவிட்டார். கடையில் இப்போது யார் நிற்கிறார்கள் என்ற நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது. சிலிர்ப்பு அடங்கி வியர்த்தது.

அவர் போய்ச் சேர்ந்தபோது அந்த லொறியைச் சுமந்து வந்த பெரிய லொறி போய்விட்டிருந்தது. இது மட்டும் கடை வாசலில், சாமான் இறக்கும் இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. அதன் முன்னால் சாரதாதேவி நின்றாள். இவ்வளவு நாளும் கணவர் தன்னிடம் கேட்காமல் ஒரு மூட்டை வெங்காயம்கூட வாங்கியதில்லை என்று நம்பியிருந்தவள் அவள்.

"இஞ்சாருங்கோ, உது என்ன?"

"லொறி."

"அது தெரியுது."

"பனி வாருற லொறி சாரதா. ரோட்டில கிடக்கிற ஸ்னோவை முன்னால விழுங்கி, மேல இருக்கிற குழாயால அங்காலை எறியும்."

சாரதாதேவி வானத்தைப் பார்த்தாள். மே மாதத்து வெயில் கண்ணைக் கூசவைத்தது.

"பாரிசில கடைசியா எப்ப ஸ்னோ கொட்டினது?"

"கொட்டும்" என்றார் தில்லையம்பலம்.

அவள் உள்ளே போய் யாருக்கோ கத்தரிக்காய் நிறுக்கத் தொடங்கினாள். அவள் ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். பிரான்சுக்கு அகதியாக வந்த புதிதில் தில்லையம்பலத்தை சுவிஸ் எல்லையோரம் வால்ரோஷ் என்ற மலையூருக்கு அனுப்பிவைத்தார்கள். தமிழ் பேசும் ஒரே மனிதன் இருக்கிற ஊர் என்று யாரோ ஓர் அதிகாரி நல்ல மனதோடு செய்த வேலை. அந்த மனிதன் ரேமண்ட். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்த ஊர் மெரியில், அதாவது நகரசபையில், பனி லொறி ஓட்டினார். தில்லையம்பலத்தை உதவியாளாகப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். தில்லையம்பலம் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்று சொல்லும்போதெல்லாம் இந்தப் பிள்ளைக்கு என்ன பக்தி என்று முதல் கிழமை முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தார் ரேமண்ட்.

இரண்டு மாரிகாலம் அந்த லொறிக்குள் கழிந்தது. விடிவதற்கு முன்னால் கிளம்புவார்கள். டீசல் எஞ்சின் குளிரில் எழும்பாது. ரேமண்ட் பழைய பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி, எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாயில் பிடிப்பார். அது ஒருமுறை இருமி, கறுப்பாகத் துப்பி, பிறகு கடகடவென்று உறுமத் தொடங்கும். அந்த உறுமலோடு இருக்கைக்குக் கீழிருந்து மெல்ல ஒரு சூடு ஏறும். அப்போது தில்லையம்பலத்துக்கு உலகத்தில் சூடான இடம் அது ஒன்றுதான். வெளியே பனி வெள்ளை வில்லாக எழும்பி வேலிக்கு அப்பால் விழ, ரேமண்ட் பழைய தமிழ்ப் பாட்டுகளைத் தப்புத் தப்பாகப் பாடுவார்.

பிறகு பாரிசுக்கு வந்து, சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவி, ஊரிலிருந்து சாரதாதேவியைக் கூப்பிட்டுக் கல்யாணம் முடித்து, கடை போட்டு, வயதும் போய்விட்டது. ஒருநாள் சும்மா தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தபோது பழைய வாகன விளம்பரமொன்றில் அந்தச் செம்மஞ்சள் லொறி. கதவில் அரைகுறையாய் அழிந்த வால்ரோஷ் எழுத்துகள். ரேமண்ட் தேவாலயச் சுவரில் இடித்த நெளிவும் அப்படியே இருந்தது. விற்ற இளைஞன், அது ஒரு கொட்டிலோரம் சும்மா கிடந்தது என்றான். சும்மா கிடந்தது என்ற சொல்லைக் கேட்டதும் தில்லையம்பலத்துக்குத் தாங்கவில்லை.

இப்போது அதை வாசலிலிருந்து எடுக்கவேண்டும். அது அசையவில்லை.

சிவமணி வந்தான். கார்ஜுக்குப் பக்கத்திலுள்ள சார்செலில் கராஜ் வைத்திருப்பவன். கனரக லொறி ஓட்டும் லைசென்சும் உண்டு. எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணை, இது நல்ல எஞ்சின். சாகேல்லை, நித்திரை" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது தில்லையம்பலத்துக்கு.

சிவமணி புது பற்றரிகள் பூட்டினான். டீசல் குழாய்களில் அடைத்திருந்த காற்றை எடுத்தான். பிறகு ஏறி உட்கார்ந்து, வீதியில் நின்றவர்களையெல்லாம் விலகச் சொல்லிவிட்டு, ஸ்டார்ட் பண்ணினான். எஞ்சின் இருமியது. கறுப்பாகத் துப்பியது. உறுமியது.

தில்லையம்பலம் கண்ணை மூடிக்கொண்டார். அதே சத்தம்.

அவர் கண்ணை மூடியிருந்த அந்த நேரத்தில்தான், கடைசியாக ஓட்டியவர் பனிவாயின் கியரை மாட்டியபடியே விட்டிருந்தார் என்பது தெரியவந்தது. லொறியின் வாய்க்கு முன்னால் அன்று காலை வந்திறங்கிய முட்டைக்கோஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வாய் சுழன்றது. பெட்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. மேலே குழாயிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு வில் எழும்பி, வீதியைத் தாண்டி, அருள்நேசனின் கடை வாசல் மேசைகளின்மேல் சொரிந்தது.

சிவமணி எஞ்சினை நிறுத்தியபோது ரூ லூயி-பிளாங் வெளுத்துக் கிடந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுப் பெண் தலைமயிரிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள்.

அருள்நேசன் ஒரு கைப்பிடி முட்டைக்கோஸ் சீவலோடு மெதுவாக வீதியைக் கடந்து வந்தார். "அண்ணை, கோவா நல்லாத்தான் அரிஞ்சிருக்கு. ஆனா வறை வறுக்க நான் அரியச் சொல்லேல்லையே."

சாரதாதேவி கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அதைக் கணவரின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று மாலையே லொறி கார்ஜுக்குப் போனது. அடுக்குமாடிக்குப் பின்னாலுள்ள வெளியில் அது யாருக்கும் இடைஞ்சலில்லாமல் நின்றது. தில்லையம்பலம் ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே இறங்கி, துடைத்து, எண்ணெய் பார்த்து, கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்துவிட்டு வருவார். அதோடு நின்றிருக்கலாம். ஒக்டோபரில் முதற் குளிர் வந்த ஞாயிறு அது எழும்ப மறுத்தது. ரேமண்ட் செய்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. கடையிலிருந்து கொண்டுவந்திருந்த இலவசத் தமிழ்ப் பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தினார்.

எஞ்சின் எழும்பியது. ஆனால் மலையில் காற்று உண்டு. கார்ஜில் மூன்று பக்கமும் சுவர். கறுப்புப் புகை போக இடமில்லாமல் மாடி மாடியாக ஏறி, காயப்போட்டிருந்த உடுப்புகளைத் தடவிக்கொண்டு போனது. கையில் எரியும் பேப்பரோடு ஒரு வயோதிபர் லொறிக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்த யாரோ தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார்கள்.

வந்தவர்களில் மூத்தவர் முதலில் கோபமாகப் பேசினார். பிறகு லொறியைச் சுற்றிப் பார்த்தார். "எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருந்தது" என்று பிரெஞ்சில் சொல்லி, எஞ்சினை இன்னொருமுறை போட்டுக் காட்டமுடியுமா என்று கேட்டார். தில்லையம்பலம் போட்டுக் காட்டினார். அதைத்தான் அயலவர்களால் மன்னிக்க முடியவில்லை.

மகள் யசோதினி தொலைபேசியில், "பப்பா, செ பா பொசிப்ள்" என்று மட்டும் சொன்னாள். சாத்தியமே இல்லை என்று அர்த்தம். அவள் பொதுவாக அப்பாவின் பக்கம் நிற்பவள்.

சிவமணி ஒரு வழி சொன்னான். சார்செலில் அவனுக்குத் தெரிந்த கல்யாண மண்டபத்தின் பின்வளவு சும்மா கிடந்தது. அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் கல்யாணம். படம் எடுப்பவனுக்குச் செம்மஞ்சள் நிறம் பிடித்துப்போனது. மாப்பிள்ளையைப் பனிவாயில் சாய்ந்து நிற்கச் சொன்னான். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியின் பின்பக்கத்தில் பற்கள் வரிசையாகக் கறுப்பு எண்ணெயில் பதிந்தன. அந்தக் கோலத்தில் அவர் அக்கினியை வலம்வந்த வீடியோவை, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் பார்க்காதவர்கள் குறைவு.

ஞாயிறு காலை சாரதாதேவி கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் ஒண்டு கேக்கிறன். கோவிக்கக்கூடாது."

"கேளும்."

"உந்த லொறியில உங்களுக்கு என்ன வேணும்?"

தில்லையம்பலம் யோசித்தார். பனி என்று சொல்லமுடியாது. லாபம் என்றும் சொல்லமுடியாது. "அதுக்குள்ள இருந்தால் எனக்கு இருபத்திரண்டு வயசு சாரதா" என்றார்.

அவள் கோப்பியை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள். பிறகு, "அந்த மனிசன் இருக்கிறாரோ? ரேமண்ட்" என்று கேட்டாள்.

அது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று தில்லையம்பலத்துக்கு வெட்கமாக இருந்தது. பாரிசுக்கு வந்த முதல் சில வருடங்கள் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, கார்டு போட்டார். வீடு மாறி மாறி அதுவும் விட்டுப்போயிற்று. வால்ரோஷ் மெரிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். ஓய்வெடுத்துவிட்டார், இருக்கிறார், அதே வீடுதான் என்றார்கள். தில்லையம்பலத்தின் மனம் ஒரு நொடியில் தெளிந்துவிட்டது. லொறி போகவேண்டிய இடம் அது. அதைவிட நல்ல பரிசு அந்த மனிதருக்கு யார் கொடுக்கமுடியும். முன்கூட்டிச் சொல்லாமல் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது என்று முடிவாயிற்று.

சிவமணி ஓட்டினான். தில்லையம்பலம் நடுவில். சாரதாதேவி ஜன்னலோரம்.

"நீர் ஏன் வாறீர்? குளிரும்."

"உது திரும்பி வராமல் பாக்க ஒரு ஆள் வேணும்."

லொறி ஓடவில்லை, நடந்தது. சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போய்க் கையசைத்தார்கள். இடையில் ஒரு சின்ன ஊரில் தங்கி, மறுநாள் மலையேறத் தொடங்கியபோது பாதையோரம் பனி தெரிந்தது. கண்ணாடி புகார் பிடித்து மங்கியது. இருக்கைக்குக் கீழிருந்து அந்தச் சூடு ஏறியது. சாரதாதேவி சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை மடித்து வைத்துக்கொண்டாள்.

"சூடாத்தான் இருக்கு" என்றாள், ஏதோ தோற்றுப்போனவள்போல.

"இதாலதான் ஒவ்வொரு நாளும் போவம். அந்த வளைவில நிப்பாட்டி ரேமண்ட் அண்ணை கோப்பி ஊத்தித் தருவார். நான் அப்ப உம்மை நினைப்பன்."

"அப்ப என்னை உங்களுக்குத் தெரியாதே."

"இப்பிடி ஒராள் வருமெண்டு நினைப்பன்."

சிவமணி பாதையை உற்றுப் பார்த்து ஓட்டினான். சாரதாதேவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த மலையை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

ரேமண்டின் வீடு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது. சத்தம் கேட்டு, லொறி நிற்கும் முன்பே கதவு திறந்தது. ஊன்றுகோலோடு ஒரு முதியவர் படியிறங்கி வந்தார். லொறியின் கதவில், அந்த நெளிவின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"வந்துட்டியா" என்றார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

"வந்திட்டன் அண்ணை" என்றார் தில்லையம்பலம் மேலிருந்து, அவரும் அழுதுகொண்டு.

ரேமண்ட் நிமிர்ந்து பார்த்தார். "நீ யாருப்பா?"

தில்லையம்பலம் இறங்கித் தன் பெயரைச் சொன்னார். "ஓம் தம்பியா" என்று கிழவர் அவரை இழுத்து அணைத்துக்கொண்டார். ஊன்றுகோல் பனியில் விழுந்தது.

பிறகு ரேமண்ட் இளைஞராகிவிட்டார். சிவமணிக்குக் கையைக் காட்டி லொறியைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னார். வீட்டோரம், புதிதாகக் கொத்திப் பூச்செடி நட்டிருந்த ஒரு பாத்தியின்மேல் அது ஏறி, அளவெடுத்ததுபோல் சுவருக்கும் கொட்டிலுக்கும் நடுவே பொருந்தி நின்றது. எஞ்சினை நிறுத்தவேண்டாம் என்று சைகை காட்டினார். தில்லையம்பலத்தின் காதுக்கருகில் ஏதேதோ சொன்னார். உறுமலில் ஒன்றும் கேட்கவில்லை. தில்லையம்பலம் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். இருவரும் லொறிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கிழவர் வாயசைப்பதைப் பார்த்தால் பாடுவதுபோல் தெரிந்தது.

உள்ளே, சமையலறையில், ரேமண்ட் பிற்காலத்தில் புதுச்சேரியில் கட்டி அழைத்துவந்த மனைவி ரோசாலி கோப்பியை ஊற்றாமல் கையில் கெண்டியோடு ஜன்னலடியில் நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது பூப்பாத்தியை.

சாரதாதேவிக்குச் சங்கடமாக இருந்தது. "அக்கா, சொல்லாமல் கொள்ளாமல் கொண்டு வந்திட்டம். உங்களுக்கு இடைஞ்சல் இல்லையே?"

ரோசாலி கெண்டியை மேசையில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"ரிட்டையர் ஆனப்ப மெரிக்காரங்ககிட்ட கெஞ்சி வாங்கியாந்து, இத்தினி வருஷம் அதே எடத்துலதாம்மா நிறுத்தி வெச்சிருந்தாரு, போன வசந்தத்துல இடுப்பு ஆப்பரேஷன்னு ஆஸ்பத்திரியில படுத்தப்பதான், பாரீசுல எவனோ ஒரு பைத்தியக்காரன் கெடச்சான்னு, என் தங்கச்சி பையன வெச்சு நான் வித்துத் தொலச்சேன்."